நந்தன் கதையும் கதையின் உறுப்புகளும்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குக் கதை இலக்கியத்தைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று அன்பர்கள் கேட்டபோது நாம் சற்றுத் தயங்கினோம். படிப்புக்கும் பணிக்கும் வழிகாட்டும் கட்டுரைகள் நிறைந்த மலரில் கதைக்கு என்ன இடம் என்று எண்ணினோம். பிறகு தெளிவு பிறந்தது. நிலத்தையும் கல்வியையும் இழந்திருந்தது போலவே, தம் கதையைத் தாமே சொல்லும் உரிமையையும் நம் முன்னோர் நெடுங்காலம் இழந்திருந்தனர். அவர்களைப் பற்றிய கதைகள் இருந்தன. அவற்றைப் பிறர் சொன்னார்கள். கதை எவ்வெவ்வுறுப்புகளால் ஆவது, அவ்வுறுப்புகளைச் சொல்பவன் எவ்வாறு கையாளுகிறான் என்பதை அறிந்தவனே, தன்னைப் பற்றிச் சொல்லப்பட்டதை ஆராயவும், தான் சொல்ல வேண்டியதைச் சொல்லவும் வல்லவன் ஆவான். ஆதலின் இஃதும் கல்வியே ஆகும்.

இலக்கண விதிகளை வெறுமனே அடுக்கினால் இளைஞர்களுக்குச் சலிப்புத் தட்டும். எனவே நம் காவிரி நாட்டிலேயே பிறந்து, ஏறத்தாழ 1200 ஆண்டுகளாக வளர்ந்துவரும் ஒரு கதையை எடுத்துக்கொண்டு, அதன் வரலாற்றின் வழியே கதையின் உறுப்புகளைக் காண்போம். அது நந்தன் கதை. ஒரு பெயராகத் தொடங்கி, பாட்டாகி, புராணமாகி, கீர்த்தனையாகி, திரைப்படமும் சிறுகதையும் நாடகமும் ஆன கதை அது. ஒவ்வொரு முறை சொல்லப்பட்டபோதும் அதில் ஏதோ ஓர் உறுப்பு மாறிற்று. எதை மாற்றினார்கள், ஏன் மாற்றினார்கள் என்று பார்ப்பதே நம் நோக்கம்.

உறுப்புகள் யாவை?

அறுவடைக் காலத்தில் களத்து மேட்டில், நெற்போருக்குக் காவல் இருக்கும் இரவில், முதியவர் ஒருவர் கதை தொடங்குகிறார். சுற்றியிருப்போர் 'உம்' கொட்டுகிறார்கள். 'உம்' நின்றால் கதையும் நிற்கும். சொல்வோன், கேட்போன், சொல்லப்படும் பொருள் என்னும் மூன்றும் அங்கே இருக்கின்றன. எழுதப்படும் கதைக்கும் அடிப்படை இவையே.

மேலைநாட்டுத் திறனாய்வாளர், கதைப்பின்னல், மாந்தர், பின்புலம், முரண், நோக்குநிலை, முடிவு எனக் கதையைப் பகுத்துக் காட்டுவர். இப்பகுப்பு தமிழருக்கு முற்றிலும் புதிதன்று. தொல்காப்பியத்தின் செய்யுளியல், செய்யுளுக்கு 34 உறுப்புகளைக் கூறுகிறது. அவற்றுள் களன், காலம், கூற்று, கேட்போர், எச்சம், பயன் என்பனவும் அடங்கும். செய்யுளுக்குச் சொன்ன இவற்றைக் கதைக்கும் பொருத்திப் பார்க்கலாம். நிகழும் இடம் களன்; நிகழும் பொழுது காலம்; யார் வாய்மொழியாக வருகிறது என்பது கூற்று; யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பது கேட்போர்; சொல்லாமல் விடப்பட்டு உய்த்துணர நிற்பது எச்சம்; சொன்னதால் விளைவது பயன்.

இவற்றையெல்லாம் கட்டிப் பிடித்து நிறுத்துவது காரண காரியத் தொடர்ச்சி. ஆற்றில் தண்ணீர் வந்தது, நடவு நடந்தது, அறுவடை முடிந்தது என்றால் அது செய்திகளின் வரிசை. தண்ணீர் காலந்தாழ்ந்து வந்தது, ஆதலால் குறுவை போயிற்று, ஆதலால் கூலியின்றிக் குடும்பம் கடன்பட்டது, ஆதலால் மகன் பள்ளியை விட்டான் என்றால் அது கதைப்பின்னல். 'ஆதலால்' என்னும் சொல்லை எங்கே இடுகிறோம் என்பதில் சொல்பவனுடைய நியாயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதனை மனத்திற்கொண்டு நந்தன் கதைக்குள் நுழைவோம்.

ஒரு பெயரும் ஒரு பாட்டும்

சுந்தரர் 8ஆம் நூற்றாண்டினர் என்பது ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. அவர் பாடிய திருத்தொண்டத் தொகை அடியார்களின் பெயர்களைத் தொகுத்துக் கூறுவது. அதில் 'திருநாளைப்போவார்' என்னும் பெயர் வருகிறது. செம்மை என்னும் அடைமொழி ஒன்று உடன் வருகிறது. ஊர் இல்லை, குலம் இல்லை, நந்தன் என்ற பெயரும் இல்லை.

ஆயினும் அந்தப் பெயரே ஒரு கதையின் வித்து. நாளைப் போவேன் என்று சொல்பவனுக்கு ஓரிடத்துக்குப் போகும் வேட்கை இருக்கிறது. இன்று போக இயலாத தடை இருக்கிறது. நாளை என்னும் நம்பிக்கையும் இருக்கிறது. வேட்கை, தடை, காலம் ஆகிய மூன்றும் கூடினால் கதை முளைத்துவிடும். எங்கே போக வேண்டும், இன்று போகவிடாமல் தடுப்பது யார் என்று கேட்பவர் மனம் தானே கேட்கத் தொடங்குகிறது. பின்வந்தவர்கள் எல்லாரும் இவ்விரண்டு கேள்விகளுக்கே விடை எழுதினார்கள்.

அடுத்து நம்பியாண்டார் நம்பி, தம் திருத்தொண்டர் திருவந்தாதியில் ஒரே ஒரு பாட்டில் இவரைப் பாடினார். ஆதனூர் இவர் ஊர் என்றும், தில்லை அம்பலவன் அருளால் இவருடைய புலைத்தன்மை நீங்கிற்று என்றும், தில்லை மூவாயிரவர் கைகூப்ப இவர் முனிவர் ஆனார் என்றும் அப்பாட்டுச் சொல்கிறது. களன் வந்துவிட்டது, குலமும் முடிவும் வந்துவிட்டன. ஒன்றை மட்டும் ஈண்டு நாம் கருதிப் பார்த்தல் வேண்டும். இப்பாட்டில் நெருப்பு இல்லை. இந்நாளில் நந்தன் என்றவுடன் நம் நினைவுக்கு வரும் தீ, கதை தோன்றிய காலத்தில் எழுத்தில் இல்லை.

களன்: சேக்கிழார் காட்டும் சேரி

12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் குலோத்துங்கன் காலத்தில் சேக்கிழார் பெரியபுராணம் இயற்றினார். அந்த ஒரு பாட்டை அவர் 37 பாட்டுகளாக விரித்தார். நந்தனார் என்ற பெயரையும் அவர் நூலிலேயே காண்கிறோம்.

நாயகனை அறிமுகம் செய்வதற்கு முன் சேக்கிழார் ஊரைக் காட்டுகிறார். கொள்ளிடக் கரையில் மேற்காநாட்டு ஆதனூர். அதன் வளமான வயல்கள். வயல்களை அடுத்த புறம்பணையில் புலைப்பாடி. சுரைக்கொடி படர்ந்த பழங்கூரைகள், முற்றத்தில் வார்த்தோல், குஞ்சுகளோடு திரியும் கோழிகள். கையில் இரும்புக் காப்பு அணிந்த கரிய சிறுவர்கள் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு ஓட, அவர்கள் அரையிற் கட்டிய இரும்பு மணியின் ஒலியில் குட்டியின் குரைப்பு அடங்கிப் போகிறது. மருத மர நிழலில் தோலின் மேல் குழந்தையைக் கிடத்தி உறங்க வைக்கிறாள் ஓர் உழத்தி. மாமரக் கிளையில் பறை தொங்குகிறது.

களனை அமைப்பது எப்படி என்பதற்கு இதைவிடச் சிறந்த பாடம் வேண்டுவதில்லை. வறுமை என்ற சொல்லை அவர் சொல்லவில்லை, கூரையைக் காட்டினார். தொழிலைச் சொல்லி விளக்கவில்லை. முற்றத்து வாரையும் மரத்துப் பறையையும் காட்டினார். அச்சிறுவர் ஓட்டத்தில் எண்ணூற்றுக்கு மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னும் உயிர் இருக்கிறது. சேரியை இவ்வளவு நுணுக்கமாக உற்றுநோக்கிய பழம்பாடல்கள் அரியன. அதே வேளையில் அக்கண்கள் வெளியிலிருந்து பார்க்கும் கண்கள் என்பதையும் மறத்தல் ஆகாது. இத்தனை அழகாகக் காட்டப்பட்ட அவ்வுழத்தி ஒரு சொல்லும் பேசுவதில்லை.

வரலாற்று மாணவர்களுக்குப் பயன்படும் செய்தி ஒன்றும் இங்குண்டு. சேக்கிழாரின் நந்தனார் யாருடைய பண்ணையாளும் அல்லர். ஊரார் விட்ட பறைத்துடவை, அஃதாவது பறைத்தொழிலுக்கு மானியமாக விட்ட நிலம், அவருடைய பிழைப்பு. கோயில் முரசுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் அளிப்பது அவருடைய தொண்டு. திருப்புன்கூரில் நந்தி விலகுகிறது. அவர் அங்கே குளம் தோண்டுகிறார். தில்லைக்குப் போக விரும்பி, நாளை நாளை என்று தள்ளுகிறார். அவரைத் தடுக்கும் மனிதர் கதையில் எவரும் இல்லை. தம் பிறப்பு தகாது என்று அவர் தாமே தயங்குகிறார். ஆகவே முரண் முழுவதும் நாயகனின் நெஞ்சுக்குள்ளேயே நிகழ்கிறது. முடிவில் இறைவன் கனவில் தோன்றித் தீயில் மூழ்கி வருமாறு பணிக்க, தில்லை வாழ் அந்தணர் மதிற்புறத்தில் தீ வளர்க்க, நந்தனார் அதில் புகுந்து பூணூலும் சடையும் கொண்ட முனிவராக வெளிவருகிறார். அம்பலத்துள் சென்று மறைகிறார்.

எதிரி இல்லாத கதையில் குற்றவாளியும் இல்லை. முரணை எங்கே வைப்பது என்பது கலையைச் சார்ந்த செய்தியாக மட்டும் முடிந்துவிடாது என்பதற்கு இது சான்று.

மாந்தரும் முரணும்: கீர்த்தனை செய்த மாற்றம்

19ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை இயற்றினார். நாகப்பட்டினத்தை அடுத்த நரிமணத்தில் பிறந்து, மாயூரம் வட்டாரத்தில் வாழ்ந்தவர் அவர். பார்ப்பனக் குலத்தவர், பெருநிலக்கிழார்களின் நடப்பைக் கண்ணால் கண்டவர். கதையைப் புராணத்திலிருந்து எடுத்தவர், அதற்குள் ஒரு புதிய மனிதரைக் கொண்டுவந்து நிறுத்தினார். அவர்தான் வேதியர்.

வேதியர் நிலக்கிழார், நந்தன் அவருடைய பண்ணையாள். சிதம்பரம் போக விடை கேட்டால் ஆண்டை சினக்கிறார். ஊர்த் தெய்வங்களை விட்டுச் சிவனை நாடுகிறானே என்று சேரிப் பெரியவர்களும் தடுக்கின்றனர். இறுதியில் நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்று வேதியர் நிபந்தனை விதிக்கிறார். ஒரு வேலி ஏறக்குறைய ஆறரை ஏக்கர்; நாற்பது வேலி 260 ஏக்கருக்குக் குறையாது. ஒரு மனிதனால் ஆகாத வேலை அது. இறைவனின் பூதகணங்கள் ஓரிரவில் அதனை முடித்து வைக்க, விடிந்ததும் வேதியர் வியந்து, தம் பண்ணையாளின் காலில் விழுகிறார்.

வேதியரும் நாற்பது வேலியும் பெரியபுராணத்தில் இல்லை. பாரதியார் இவற்றை வெறுங்கற்பனையாகவும் படைத்துவிடவில்லை; தம் காலத்துத் தஞ்சை வயல்களிலிருந்தே எடுத்தார். அடிமை முறைக்குச் சட்டத்தின் ஆதரவை நீக்கிய சட்டம் 1843இல் வந்தது. அடிமைகளை வாங்குவதையும் விற்பதையும் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டம் 1862இல் நடைமுறைக்கு வந்தது. கீர்த்தனை அச்சேறியதும் அந்த 1860களின் தொடக்கத்திலேதான். சட்டம் ஏட்டில் இருந்தது. வயலில் மிராசுதாரும் பண்ணையாளும் முன்போலவே இருந்தனர். தஞ்சாவூர்ப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952இல்தான் என்றால், பாரதியார் காலத்து நிலையைச் சொல்லவும் வேண்டுமோ?

நெஞ்சுக்குள் இருந்த தடைக்கு அவர் ஓர் உருவம் கொடுத்தார். தடைக்கு முகம் வந்தவுடன் கதைக்கு வேகம் வந்தது. ஆண்டையும் ஆளும் எதிரெதிரே நின்று பேசினர், உரையாடல் பிறந்தது. நாற்பது வேலி என்ற கெடு, கேட்பவரை இருக்கையின் நுனிக்குக் கொண்டுவந்தது. நாயகன் விரும்புவதைப் பெறுமுன் இயலாத பணியொன்றை முடிக்க வேண்டும் என்பது உலகெங்கும் வழங்கும் கதை உத்தி. அதனை நம் பாட்டாளிகளின் வயலில் நட்டுவைத்தது பாரதியாரின் திறமை.

மாயூரத்தில் வாழ்ந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இந்நூலில் இலக்கண வழுக்கள் உள்ளமையால் சிறப்புப் பாயிரம் தர முதலில் விரும்பவில்லை என்றும், பாரதியார் பாடக் கேட்டு உள்ளம் உருகிப் பின்னர் அளித்தார் என்றும் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ளார். இலக்கணத்தை மீறியும் கதை வெல்லும் என்பதற்கு இதனினும் நல்ல சான்று கிடைப்பது அரிது. கதாகாலட்சேபத்திலும் மேடையிலும் பரவிய இக்கதை 1935இல் கே. பி. சுந்தராம்பாள் நந்தனாராக நடித்த படமாகவும், 1942இல் எம். எம். தண்டபாணி தேசிகர் நடித்த படமாகவும் வந்தது. மக்கள் மனத்தில் பதிந்த நந்தன் பறைத்துடவை உண்ட நந்தன் அல்லன்; ஆண்டையிடம் கைகட்டி நின்ற நந்தனே.

ஆயினும் இங்கும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நாற்பது வேலியையும் விளைவித்தவை பூதகணங்கள். உண்மையில் அவ்வயல்களை நட்டவர்களும் அறுத்தவர்களும் நந்தனின் உற்றார் உறவினர் அல்லரோ? அவர்களுடைய உழைப்பு அற்புதத்துக்குள் மறைந்துபோயிற்று. ஆண்டை மனம் மாறினார், நிலம் கைம்மாறவில்லை.

கூற்று: அயோத்திதாசர் திருப்பிச் சொன்னது

இதுவரை கண்டவர் எவரும் நந்தன் பிறந்த மக்களுள் ஒருவர் அல்லர். அம்மக்களிடையே தோன்றிய அறிஞர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் இதழைத் தொடங்கினார். 'இந்திரர் தேச சரித்திரம்' எழுதிய அவர், நந்தனை ஆண்டையிடம் விடை கேட்கும் ஆளாகக் காட்டவில்லை. நந்தன் ஓர் அரசன். பௌத்த நெறி நின்றவன். வஞ்சகத்தால் வீழ்த்தப்பட்டவன் என்று எழுதினார்.

இதனைக் கல்வெட்டுச் சான்று போன்ற வரலாறாகக் கொள்ளலாமா என்பது வேறு கேள்வி. கதையின் உறுப்பாக நோக்கினால், அவர் மாற்றியது கூற்றை. அவன் எவ்வாறு உள்ளே அனுமதிக்கப்பட்டான் என்பது பழைய கதையின் கேள்வி. அவன் எவ்வாறு வெளியே தள்ளப்பட்டான் என்பது பண்டிதரின் கேள்வி. சொல்பவன் நிற்கும் இடம் மாறியவுடன் கதையின் தொடக்கமே மாறிவிட்டது. முந்திய கதைகள் சேரியிலிருந்து தொடங்கின. இக்கதை சேரி உண்டாவதற்கு முன்னாலிருந்து தொடங்கியது. எங்கே தொடங்குவது என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எத்துணைப் பெரியது என்பதை இளைஞர்கள் இதனால் உணரலாம்.

முடிவு: புதுமைப்பித்தனின் தண்டவாளம்

1934இல் புதுமைப்பித்தன் 'மணிக்கொடி' இதழில் 'புதிய நந்தன்' என்னும் சிறுகதை எழுதினார். களன் அதே ஆதனூர். காலம் மட்டும் காந்தியடிகளின் காலம். அரிசன இயக்கமும் சுயமரியாதை இயக்கமும் தமிழகமெங்கும் பேசப்பட்ட நாள்கள் அவை. பண்ணையாரின் மகன் காந்தியவாதி. பண்ணைச் சேவகன் கருப்பனின் மகன் கிறித்தவப் பாதிரியாரிடம் படித்து, பின் அதனையும் விட்டுச் சுயமரியாதை இயக்கத் தோழனாகிறான். காந்தி வரும் ரயில் ஆதனூரை நெருங்குகிறது. கண் தெரியாத கிழவன் கருப்பன் தண்டவாளத்தில் நடக்கிறான். அவனைக் காக்க இரு புறத்திலிருந்தும் இரு இளைஞர்களும் ஓடிவருகிறார்கள். ரயில் மூவரையும் அரைத்துச் செல்கிறது. மூவர் இரத்தமும் கலக்கிறது.

புராணத்தில் நந்தன் தீயைக் கடந்து உயர்ந்தான். புதிய நந்தனுக்கு உயர்வும் இல்லை. ஒளியில் கலத்தலும் இல்லை. பழைய கதையின் முடிவை நாம் அறிந்திருப்பதால்தான் புதிய முடிவு நம்மைத் தாக்குகிறது. யாவரும் அறிந்த கதையை அடியில் வைத்து, அதற்கு எதிராக ஒரு கதையை எழுதுவது சிறந்த உத்தி. பிற்காலத்தில் இந்திரா பார்த்தசாரதி 1978இல் எழுதிய 'நந்தன் கதை' என்னும் நாடகமும் இவ்வழியில் சென்றதே. அதில் தீ இறையருளால் வருவதன்று. மனிதரின் சூழ்ச்சியால் மூட்டப்படுவது.

காரணமும் நம்பகமும்: வெண்மணி

தீ என்ற சொல்லைச் சொன்னபின் தஞ்சை மண்ணில் பிறந்த எவரும் கீழ்வெண்மணியை நினையாமல் இருக்க முடியாது. அன்றைய தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் 1968ஆம் ஆண்டு டிசம்பர் 25ஆம் நாள் இரவு, ஒரு குடிசைக்குள் அடைக்கலம் புகுந்த நம் மக்கள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்டதும், சங்கமாகத் திரண்டதுமே அதன் பின்னணி. இது கதையன்று, நடந்தது. ஆனால் நடந்ததைச் சொல்லும்போதும் கதையின் உறுப்புகளே பயன்படுகின்றன.

அவ்வுறுப்புகளுள் ஒன்று நம்பகத்தன்மை. இம்மாந்தர் இச்செயலைச் செய்வர் என்று கேட்போர் நம்ப வேண்டும். கீழமை நீதிமன்றம் தண்டித்தவர்களைப் பின்னர் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. செல்வரும் நிலவுடைமையாளருமாகிய இவர்கள் தாமே நடந்து சென்று குடிசைகளுக்குத் தீ வைத்தனர் என்பதை நம்புவது கடினம் என்பது அத்தீர்ப்பில் கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. செல்வன் இன்னவாறு நடப்பான், ஏழை இன்னவாறு நடப்பான் என்று சமுதாயம் நெடுங்காலம் சொல்லிவந்த கதைகள் கேட்போர் மனத்தில் படிந்திருக்கின்றன. அக்கதைகளுக்கு மாறாக உண்மையே வந்து நின்றாலும், அது பொய்போல் தோன்றக்கூடும். ஆதலின் மாந்தரைப் பற்றிய பழைய வார்ப்புகளை உடைப்பது எழுத்தாளன் கடமைகளுள் தலையாயது.

மற்றோர் உறுப்பு காரணம். வெண்மணியை அடியொற்றி இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' 1975இல் வெளிவந்து, 1977இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அந்தக் கொடுமையை நாடறியச் செய்ததில் அந்நாவலுக்குப் பங்குண்டு. ஆயினும் நிலக்கிழாரின் கொடுமைக்கு அவருடைய ஆண்மைக் குறையை உளவியல் காரணமாக நாவல் முன்வைத்தது. இதனால் கூலிப் போராட்டம் பின்னுக்குத் தள்ளப்பட்டது என்று பலரும் குறைகூறினர். டில்லியிலிருந்து வந்த படித்த இளைஞர்களின் கண்வழியே ஊர் காணப்படுவதும் கருதத்தக்கது. பிறகு 1999இல் திருவாரூர்ப் பகுதியைச் சேர்ந்த சோலை சுந்தரபெருமாள் 'செந்நெல்' எழுதினார். அதில் உழைப்பாளிகளின் வாழ்வும் பேச்சும் கூலியும் சங்கமும் கதையின் நடுவுக்கு வந்தன. ஒரே நிகழ்ச்சி, இரு நாவல்கள். 'ஆதலால்' என்னும் சொல் வெவ்வேறு இடத்தில் இடப்பட்டது. அவ்வளவே வேறுபாடு, ஆனால் அதுவே முழு வேறுபாடும் ஆகும்.

எச்சம்: சொல்லாமல் விட்டவை

இனி நம் முறை வருகிறது. நந்தன் கதையில் இன்னும் எவ்வளவோ எச்சமாக நிற்கிறது. தில்லைக்குப் போனவன் திரும்பவில்லை. அன்று மாலை ஆதனூர்ச் சேரியில் விளக்கேற்றி வைத்துக்கொண்டு அவனுக்காக யார் காத்திருந்தார்கள்? அவனுக்குத் தாய் இருந்தாளா? தோலின் மேல் குழந்தையை உறங்க வைத்த அவ்வுழத்தி, செய்தி கேட்டு என்ன சொன்னாள்? புராணமும் இதைச் சொல்லவில்லை, கீர்த்தனையும் சொல்லவில்லை. கதை அம்பலத்துக்குள் சென்று முடிந்துவிட்டது. சேரிக்குத் திரும்பி வரவில்லை.

திரும்பி வந்து சொல்லும் பணியை நம் காலத்து எழுத்தாளர் தொடங்கிவிட்டனர். யாழ்ப்பாணத்து ஒடுக்கப்பட்ட மக்களிடையே பிறந்த கே. டானியல் 1972இல் 'பஞ்சமர்' நாவலை, மாந்தர் பேசும் பேச்சையே கருவியாகக் கொண்டு எழுதினார். அவர் 1986இல் உயிர் நீத்தது நம் தஞ்சாவூரிலேதான். 1989இல் சிவகாமியின் 'பழையன கழிதலும்', 1992இல் பாமாவின் 'கருக்கு', 1994இல் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' என நூல்கள் தொடர்ந்தன. பாமா, இலக்கண நடையை ஒதுக்கிவிட்டு, தம் ஊர்ப் பேச்சிலேயே கதையைச் சொன்னார். பேசாதிருந்த உழத்திக்குக் கூற்று கிடைத்தது என்று இதனை நாம் கொள்ளலாம்.

காவிரிப் படுகையில் எழுதப்படாதவை இன்னும் மிகுதி. சாணிப்பாலும் சாட்டையடியும் ஒழிந்தது எவ்வாறு? 1940களில் பி. சீனிவாசராவ் போன்றோர் கட்டிய விவசாயிகள் சங்கத்துக்கு முதன்முதல் போனவர் நம் தெருவில் யார்? களத்தில் கூலி அளந்த மரக்காலில் எவ்வளவு குறைந்தது? நடவுப் பாட்டில் காரியக்காரரை எவ்வாறு கேலி செய்தார்கள்? முதன்முதலாகச் செருப்பணிந்து தெருவில் நடந்தவருக்கு நேர்ந்தது என்ன? இவற்றுக்கு விடை தரக்கூடிய முதியவர்கள் ஆண்டுதோறும் குறைந்து வருகிறார்கள்.

இளைஞர்களுக்கு நாம் கூற விரும்புவது சிலவே. கேட்ட சொல்லைக் கேட்டபடியே எழுதிக்கொள்க. களனை ஊர்ப்பெயரால் மட்டும் காட்டாது, மடையாலும் வரப்பாலும் கூரையாலும் காட்டுக. ஆண்டையைப் பூதமாகவும் நம்மவரைத் தெய்வமாகவும் ஆக்காதீர்; இருவரையும் மனிதராகக் காட்டினால்தான் அநீதி அநீதியாகத் தெரியும். நம்முள் உள்ள குறைகளையும், நம் பெண்களுக்கு நாமே செய்யும் கொடுமையையும் மறைக்காதீர். எழுதியதை முதலில் நம் தெருவிலேயே படித்துக் காட்டுக. அங்கே 'உம்' எழுந்தால் கதை பிழைத்தது.

பயன்

தொல்காப்பியம் கூறும் பயன் என்னும் உறுப்போடு இதனை முடிப்போம். 1916ஆம் ஆண்டு, கொள்ளிடத்துக்கு வடக்கே, நந்தன் நுழைய இயலாது நின்ற அதே சிதம்பரத்தில், சுவாமி சகஜானந்தர் (1890–1959) நந்தனார் பெயரால் கல்விக் கழகமும் பள்ளியும் நிறுவினார். ஒடுக்கப்பட்ட மக்களின் பிள்ளைகள் அங்கே எழுத்தறிந்தனர். தாழ்த்தப்பட்டோர்க்குக் கோயில் கதவைத் திறந்த ஆலய நுழைவுச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. அதற்கு 31 ஆண்டுகள் முன்பே நந்தன் பெயரால் பள்ளிக் கதவு திறந்துவிட்டது. நந்தன் கதையை எத்தனையோ பேர் பாடினர், நடித்தனர், எழுதினர். அதற்கு மிக நல்ல முடிவை எழுதியவர் சகஜானந்தரே என்பது நம் துணிபு. அம்முடிவில் நந்தன் எரியவில்லை. பலகையும் சுண்ணக்கட்டியும் ஏந்திப் பள்ளிக்குள் நுழைந்தான்.

நம் சங்கமும் அம்முடிவின் ஒரு சிறு தொடர்ச்சியே. இருபத்தைந்து ஆண்டுகளில் நம் பிள்ளைகள் படிக்கக் கற்றனர், தேர்வெழுதக் கற்றனர், விண்ணப்பமும் மனுவும் எழுதக் கற்றனர். இனிக் கதை எழுதவும் கற்க வேண்டும். நாளைப் போவேன் என்று சொல்லிச் சொல்லியே ஒருவர்க்குப் பெயர் அமைந்தது. நாளை எழுதுவேன் என்பது நமக்குப் பெயராக அமைந்துவிடலாகாது. இன்றிரவே ஒரு முதியவர் அருகில் அமர்ந்து 'உம்' கொட்டத் தொடங்குங்கள்.